பின் பக்கம்

காலை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். பைக்குள் இரும்பு இருக்கிறது. இடித்தால் உங்கள் விரல்தான் போகும், இரும்புக்கு ஒன்றும் ஆகாது.

நான் முந்தலில் இறங்க வேண்டும். நீங்கள்? தேனியா. நல்லது. ஜன்னலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேடிக்கை பார்க்கிற பழக்கம் கிடையாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. சிலர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள், இறங்குகிற வரை வாய் மூடாது. நமக்கு அது ஆகாது. மூன்று வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு நான்காவது வார்த்தை எதற்கு?

பைக்குள் என்ன என்றுதானே பார்க்கிறீர்கள். எடுத்துக் காட்டுகிறேன். பிடியுங்கள். கனக்கிறதா? இது பின். ஜீப்பின் கொக்கியையும் டிரெய்லரின் வளையத்தையும் சேர்த்து, மேலிருந்து கீழே குத்துகிற பின். இன்று காலை ஏழு மணிக்கு நேராக இருந்தது. இப்போது பாருங்கள், முற்றின வெண்டைக்காய் மாதிரி.

என் மச்சினன் வீட்டுக்குப் போகிறேன். மொக்கராசு என்று பெயர். நாளைக் காலை ஆறு மணிக்கு அவன் மேலே போடிமெட்டில் என் மகள் கடையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவளால் கடை திறக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

அவன் ஏன் கீழே இருக்கிறான் என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? முகத்தில் கேட்டீர்கள். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் மகள் இந்துராணி. மெட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை போடுகிறாள். நாளைக்கு முதல் நாள். ஏலக்காய் எஸ்டேட்டில் நாற்பது பேருக்குக் காலைப் பலகாரம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். நாளைக்கு ஒழுங்காகக் கொடுத்தால் தினமும் அவளிடமே வாங்குவார்கள். கொடுக்காவிட்டால் பக்கத்திலேயே இன்னொரு கடைக்காரன் காத்துக்கொண்டிருக்கிறான். அவள் கடைக்கு மாஸ்டர் மொக்கராசு. அவளுக்குத் தாய்மாமன். போடியிலும் குமுளியிலும் இருபத்திரண்டு வருஷம் புரோட்டா போட்டவன்.

கடைக்கு ஒரு பெரிய கிரைண்டர் வேண்டும். வீட்டுக் கிரைண்டர் இல்லை, கல்லே இரண்டு ஆள் தூக்குகிற கனம். அதைப் போடியிலிருந்து மேலே கொண்டுபோக வேண்டும். மருமகன் வைரவன் மேலே கடைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். "நான் கொண்டாறேன்" என்றேன். இரண்டே வார்த்தை.

வைரவன் நல்ல பையன். குடி கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், ஜீப்பைத் தூக்குவது. ஜாக்கி வைத்துத் தூக்குவது இல்லை சார், நிரந்தரமாகத் தூக்குவது. ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் கட்டை வைத்து, நாட்டுப் பூசணி மாதிரி டயர் மாட்டி, வண்டியையே முக்கால் அடி உயர்த்திவிட்டான். எதற்கு என்று கேட்டேன்.

"பாறை மேல ஏறும் மாமா."

"பாறை மேல உனக்கு என்ன வேலை மாப்ள?"

அந்த ஜீப்பில் நான் ஏற வேண்டுமானால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டும். ஸ்டூலைப் போட ஒரு ஆள் வேண்டும். இன்றைக்கு அந்த ஆள் மொக்கராசு.

டிரெய்லர் என்னுடையது. இரண்டு சக்கரம், ஒரு கட்டில் அகலம், தாழ்வானது. என் பழைய ஜீப்புக்குச் செய்தது. அதைக் கொண்டுபோய் வைரவன் ஜீப்பில் மாட்டிப் பார்த்தால் டிரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. ஆகாது. மூக்கு மேலே போனால் பாரம் பின்னால் சாய்ந்துவிடும். பின்னால் சாய்ந்தால் ரோட்டில் டிரெய்லர் இரண்டு பக்கமும் ஆடும். முன்னால் போகிற வண்டியையும் சேர்த்து ஆட்டும். அந்த வண்டி உயரமானது என்றால் கேட்கவே வேண்டாம், ஒட்டகத்தின் மேல் பீரோவைக் கட்டினது மாதிரிதான்.

எனக்கு இதெல்லாம் தெரியும். நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன். ஒரு கீறல் கிடையாது. ஒரு ஆள் மேல் உரசினது கிடையாது.

அதனால் ஜீப்பின் கொக்கியைக் கீழே இறக்க வேண்டும். வெல்டிங் பட்டறை அந்தோணியிடம் போனேன். "கொக்கியை ஒரு சாண் இறக்கு" என்றேன். வந்துவிட்டேன். சாயங்காலம் போனால் இப்போது மூக்கு தரையைப் பார்க்கிறது. அந்தோணி ஆறடி ஆள். அவன் சாண் பத்து அங்குலம். என் சாண் எட்டரை.

"எந்தச் சாண்னு கேக்கக் கூடாதாய்யா?" என்றேன்.

"சாண்ல எத்தனை சாண் இருக்கு பெரியவரே? நீங்க சொல்லிட்டு நின்னிருந்தா கேட்டிருப்பேன். நான் கண்ணாடியைக் கழட்டுறதுக்குள்ள தெருமுனைக்குப் போய்ட்டீங்க."

அவன் கை நீளத்துக்கு நான் என்ன செய்ய முடியும்? வெட்டி மறுபடி ஒட்டினான். இந்தத் தடவை நின்றேன். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி டிரெய்லர் மேல் வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. டயருக்குக் காற்று பார்த்தாயிற்று. பின்விளக்கு எரிகிறது. மூக்குக்கு அடியில் இரண்டு சங்கிலி, பெருக்கல் குறி மாதிரி குறுக்காக மாட்டினேன். பின் கழன்றாலும் சங்கிலி விடாது, டிரெய்லர் தனியாக ஊர் சுற்றப் போகாது. ஒன்றையும் விடவில்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றையும் விடவில்லை.

இன்று காலை மொக்கராசும் இரண்டு சுமைக்காரர்களும் வந்தார்கள். டிரெய்லரை ஜீப்பில் மாட்டி, பின்னைப் போட்டு நிறுத்தியிருந்தேன். மொக்கராசைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "மொக்கராசு, கிரைண்டர் பின் பக்கம். இறுக்கிக் கட்டு."

ஆறு வார்த்தை. எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஒன்று அவன் பெயர்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கிரைண்டரை எங்கே வைப்பீர்கள்?

கையைப் பின்னால் காட்டுகிறீர்கள். நீங்களுமா?

சார், பின் எங்கே இருக்கிறது? மூக்கில். ஜீப்பை ஒட்டி. பின் இருக்கிற பக்கம் எது? பின் பக்கம். இதில் என்ன குழப்பம்? கனமான சாமானை மூக்கை ஒட்டி வைத்தால்தான் டிரெய்லர் ஆடாமல் வரும். எங்கள் துறையில் தார் காய்ச்சுகிற வண்டியை இழுத்துப் போவோம். "பின் பக்கம் ஏத்து" என்றால் ரோடு போடுகிற கேங்கில் முப்பது பேரும் கொக்கிப் பக்கம் ஏற்றுவார்கள். முப்பத்தொரு வருஷம் ஒருத்தன் தப்பாக ஏற்றினது கிடையாது. மொக்கராசுக்கு மட்டும் எப்படிப் புரியாமல் போகும்?

அவன் கேங்கில் இருந்ததில்லைதான். இருந்தாலும்.

நான் சவரம் செய்யப் போனேன். திரும்பி வந்தால் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று. நைலான் கயிற்றில் பன்னிரண்டு முடிச்சு. சீர் கொண்டுபோகிற மாதிரி கட்டியிருந்தான். அவன் முகத்தில் ஒரு பெருமை. நான் பின்னைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். எப்போதும் கொஞ்சம் லொடலொட என்று ஆடும். இன்றைக்கு அசையவில்லை. சந்தோஷப்பட்டேன். உண்மையில் வால் கனத்து, மூக்கு மேலே நெம்பி, பின்னைக் கவ்விப் பிடித்திருக்கிறது. அது இப்போது தெரிகிறது. அப்போது "உறுதியா இருக்கு" என்றேன். மொக்கராசு "நான் கட்டுனா அப்பிடித்தான் மச்சான்" என்றான்.

ஸ்டூலைப் போட்டான், ஏறினேன். ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு அவனும் ஏறினான். புறப்பட்டோம்.

போடி தாண்டி நேர் ரோடு. முப்பத்தைந்துக்கு மேல் போகவில்லை. டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. முதலில் மெதுவாக. பிறகு ஜீப்பின் பின்பாகத்தை இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோமா, கப்பல் மாதிரி இருந்தது. மொக்கராசு ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் ஸ்டூலையும் பிடித்துக்கொண்டான்.

"பிரேக்கைப் போடுங்க மச்சான்!"

போடக் கூடாது. அப்படி ஆடும்போது பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் வந்து முதுகில் ஏறும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை மட்டும் எடுத்தேன். தானாக அடங்கியது. ஓரமாக நிறுத்தி வைரவனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, உன் ஜீப் ஆடுது."

"ஜீப் ஆடாது மாமா. பாரம் எங்க இருக்கு?"

"பின் பக்கம்."

"ஐயய்யோ, பின் பக்கம்னா ஆடத்தான் செய்யும். முன்னால மாத்துங்க மாமா!"

"பின் பக்கம்தான்யா முன்னால!"

"என்ன மாமா சொல்றீங்க?"

"உனக்குச் சொன்னாப் புரியாது. வை."

வைத்துவிட்டேன். இருந்தாலும் ஒரு சந்தேகம். மொக்கராசிடம் கேட்டேன்.

"ஏய், பின் பக்கம்தானே ஏத்துன?"

"எங்கக்கா மேல சத்தியமா பின் பக்கம்தான். நானே முட்டுக் கொடுத்து ஏத்துனேன்."

"அப்பச் சரி."

பாருங்கள் சார். மூன்று பேர். மூன்று பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னோம். யாரும் பொய் சொல்லவில்லை.

தார்ப்பாயைப் பிரித்துப் பார்த்திருக்கலாம் என்று சொல்லப் போகிறீர்கள். மகளும் அதைத்தான் சொன்னாள். பன்னிரண்டு முடிச்சு சார். யார் பிரிப்பது? ஜீப்பின் உயரம்தான் காரணம் என்று முடிவு செய்தேன். வைரவனை மனதுக்குள் திட்டிக்கொண்டே மலை ஏறினேன்.

ஏற்றத்தில் என்ன ஆகும்? ரோடே சாய்ந்திருக்கிறது. இருக்கிற பாரமெல்லாம் இன்னும் வாலுக்குப் போகும். முதல் வளைவில் ஜீப்பின் பின்டயர் லேசாகச் சறுக்கியது. மூன்றாவது வளைவில் பின்பாகமே கனம் இல்லாமல் மிதக்கிற மாதிரி இருந்தது. "என்ன மச்சான், வண்டி குதிக்குது" என்றான். "வாயை மூடு" என்றேன். பேச்சுக் கொடுத்தால் எனக்கு கியர் மறந்துவிடும்.

கொஞ்சம் பொறுங்கள். இதோ. இந்த வளைவுதான். அந்தச் சுவரை ஒட்டி ரோட்டில் வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறதா? அது என் டிரெய்லரின் வால் கிழித்தது.

முதல் கியரில் திருப்பினேன். பின்டயர் இரண்டும் தரையைப் பிடிக்காமல் வெறுமனே சுற்றின. அடியில் 'டணார்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்க்கிறேன், டிரெய்லரின் மூக்கு ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது. வால் தரையில். சோற்றுக்குக் காத்திருக்கிற நாய் மாதிரி குத்தவைத்து உட்கார்ந்துவிட்டது. பின் வளைந்து கழன்று தெறித்து ஓடையில் கிடக்கிறது. சங்கிலி விடவில்லை. நான் குறுக்காகப் போட்ட சங்கிலி. அது இல்லாவிட்டால் கிரைண்டர் இந்நேரம் முந்தலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

கைபிரேக்கை இழுத்தேன். நான் இழுத்து முடிப்பதற்குள் மொக்கராசு குதித்து, நான்கு டயருக்கும் கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டான். டிரெய்லர் சக்கரத்துக்கும் போட்டான். ஐம்பத்தெட்டு வயது, அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி ஓடினான் என்று தெரியவில்லை. அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரம் ஏது? அதற்குள் பின்னால் பஸ் வந்து நின்றுவிட்டது.

நம் ஊர் பஸ்தான் தெரியுமே. நின்றால் நாற்பது பேரும் இறங்கிவிடுவார்கள். நாற்பது பேருக்கும் டிரெய்லரைப் பற்றி அபிப்பிராயம் உண்டு. கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, "யாரு, ரோலர் தவசியண்ணனா?" என்றான்.

என் பெயர் தவசி.

ஆமாம், ரோடு ரோலர்தான் ஓட்டினேன். அதுவும் வண்டிதானே? நான் வண்டி என்றுதானே சொன்னேன்? சிரிக்காதீர்கள். அதை ஓட்டுவது ரொம்பக் கஷ்டம்.

கயிற்றை அறுத்து தார்ப்பாயை விலக்கினேன். மூக்குப் பக்கம் பாய், தலையணை, பிளாஸ்டிக் வாளி, காலி அண்டா. வால் கோடியில், கடைசிப் பலகையை ஒட்டி, ராஜா மாதிரி கிரைண்டர். ஒரு அங்குலம் அசையவில்லை. அப்படிக் கட்டியிருக்கிறான்.

"ஏன்டா பின்னால ஏத்துன?"

"நீங்கதானே மச்சான் பின் பக்கம்னீங்க!"

"பின் பக்கம்னா பின் பக்கம்டா!"

"அதான் பின் பக்கம் ஏத்திருக்கேன்ல!"

"இந்தப் பின்னுடா! பின்னு!" என்று ஓடையில் கிடந்ததை எடுத்துக் காட்டினேன்.

"அதைப் பின்னுன்னு எனக்கு யாரு சொன்னா? நான் என்ன கொல்லனா?"

பஸ்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். டிரைவர் என் பக்கம். டிரைவருக்குப் புரியும். மற்ற எல்லோரும் அவன் பக்கம். ஒரு டீச்சரம்மா, கையில் குடை, முன்னால் வந்தார்.

"ஐயா, கொண்டை ஊசி வளைவுல நின்னுக்கிட்டு பின்னுன்னு பேசுறீங்களே. ஊசிப் பக்கம்னு சொல்லியிருக்கலாம். இல்லன்னா முன்பாரம்னு சொல்லியிருக்கலாம். மாட்டுவண்டிக்காரங்க எல்லாம் முன்பாரம், பின்பாரம்னுதானே சொல்லுவாங்க? நல்ல சொல்லு இருக்கையில..."

"இது பள்ளிக்கூடம் இல்லம்மா" என்றேன்.

"அது தெரியுது. அங்க பிள்ளைங்க சந்தேகம் கேட்டா வாத்தியார் நின்னு பதில் சொல்லுவாங்க" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்தேன். அப்போது மொக்கராசு சொன்னான், எனக்கில்லை, பஸ்காரர்களைப் பார்த்து: "முப்பத்தொரு வருசமா ஆள் நடக்குற வேகத்துல நேர் ரோட்டுல உருட்டுனவரு. இவருக்கு வளைவுன்னா என்னன்னு தெரியும்?"

சொல்லலாமா சார்? அக்காள் புருஷனைப் பார்த்து, நாற்பது பேர் நடுவில்?

நான் பதிலுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. "கல்லை எதுக்குடா பொறுக்கின, நீ சுடுற புரோட்டாவை டயருக்கு முட்டுக் கொடுத்தாலே வண்டி நகராதே" என்றேன்.

பஸ் மொத்தமும் சிரித்தது. டீச்சரம்மா மட்டும் சிரிக்கவில்லை. மொக்கராசும் சிரிக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினான், தோளில் போட்டான். மேலேயிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது, கையைக் காட்டி நிறுத்தி ஏறினான். போய்விட்டான். கோபத்தில் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பாரத்தைத் தப்பாக ஏற்றிவிட்டோமே என்கிற வெட்கம். அதனால்தான் போகிறான் என்று நினைத்தேன். வேறு என்ன இருக்கப் போகிறது?

அப்புறம் பஸ்ஸில் வந்த எஸ்டேட் வேலைக்காரப் பெண்கள்தான் உதவிக்கு வந்தார்கள். ஆறேழு பேர். அவர்களுக்கு ஒரு தலைவி, பூங்கனி என்று கூப்பிட்டார்கள். நான் "அந்தக் கிரைண்டரை" என்று ஆரம்பித்தேன்.

"பெரியப்பா, நீங்க வாயத் தொறக்க வேணாம். எங்க வைக்கணும்னு விரலை மட்டும் நீட்டுங்க."

நீட்டினேன். முதலில் டிரெய்லரின் மூக்கை நாலு பேர் தொங்கிக் கீழே இறக்கினார்கள். மாற்றுப் பின் ஒன்று வைத்திருந்தேன், அதைப் போட்டேன். ஒன்றையும் விடவில்லை என்று சொன்னேனே. கிரைண்டரை நகர்த்தி, சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் காட்டின இடத்தில் உட்கார வைத்தார்கள். அண்டாவும் வாளியும் வாலுக்குப் போயின. அறுத்த கயிற்றை முடிந்து கட்டினார்கள். ஜீப்பில் ஏற ஸ்டூல் இல்லை. பூங்கனி அண்டாவைக் கவிழ்த்துப் போட்டாள். ஏறினேன்.

அதற்கு மேல் பன்னிரண்டு வளைவு. ஒரு ஆட்டம் இல்லை. நிழல் மாதிரி பின்னால் வந்தது. பாரம் பின் பக்கம் இருந்தால் அப்படித்தான் வரும்.

சரி, மூக்குப் பக்கம்.

பஸ் எனக்கு முன்னால் போய்விட்டது. பஸ் போனால் செய்தியும் போகும். நான் போய்ச் சேரும்போது மகள் கடை வாசலில் நிற்கிறாள். கிரைண்டரை வைரவனும் இன்னும் மூன்று பேரும் இறக்கி உள்ளே வைத்தார்கள். சுவிட்சைப் போட்டார்கள். கல் சுற்றியது. கல்லில் ஒரு சில்லு போகவில்லை. நான் அதைச் சுட்டிக் காட்டினேன்.

"கிரைண்டர் வந்துருச்சுப்பா. மாமா எங்க?" என்றாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போய்ட்டான். தப்பா ஏத்திட்டு..."

"அவரு புரோட்டாவைச் சொன்னீங்களாம்ல."

"ஒரே ஒரு வாக்கியம்..."

"அப்பா, அந்த மனுசனுக்கு வீடு இல்ல, வாசல் இல்ல, வாடகைக்குத்தான் இருக்காரு. பிள்ளைங்களும் ஆளுக்கொரு ஊருக்குப் போயிருச்சு. அவருகிட்ட இருக்கிறது அந்தக் கையில வீசுற ஒரு மாவு. அதைப் போய் நாப்பது பேரு நடுவுல. அதுல பாதிப் பேரு நாளைக்கு அவரு சுடுறதைத் திங்க வர்றவங்க."

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவள் சத்தமே போடவில்லை. உள்ளே மூன்று அண்டாவில் அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. அவள் அம்மா, அதுதான் என் வீட்டுக்காரி, மொக்கராசின் அக்காள், என் பக்கமே திரும்பாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்துக்கா, எதற்கு என்று தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வைரவன், "நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்றான். இந்துராணி வேண்டாம் என்றாள். ஏற்கெனவே மாமனிடம் போனில் பேசியிருக்கிறாள். "உங்கப்பன் வந்து என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும், நான் வரேன். இல்லைன்னா வேற மாஸ்டர் பாத்துக்க தாயி" என்று வைத்துவிட்டானாம். வேறு மாஸ்டருக்கு ஒரு ராத்திரிக்குள் எங்கே போவது?

"என்னத்தைச் சொல்லணும்?" என்றேன்.

"உங்களுக்கே தெரியும்" என்றாள். கையை நீட்டினாள். "ஜீப் சாவி."

"பஸ்ஸிலயா போகச் சொல்ற?"

"பஸ்ஸில போங்க. மாமாவோட வாங்க. சாவி இங்கதான் இருக்கும்."

இப்படித்தான் சார் நான் இந்த சீட்டில் உட்கார்ந்தேன்.

மேலேயிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். 'கிளம்புடா' என்று ஒரு வார்த்தை சொல்லலாம். முப்பத்தைந்து வருஷமாக அதுதான் சொல்கிறேன், கிளம்பிவிடுவான். இன்றைக்குக் கிளம்ப மாட்டான். வீட்டுக்காரி பஸ் ஏறும்போது மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள், "அவன் சமையலைப் பத்தி நல்லதா ரெண்டு சொல்லுங்க, உசுரைக் கொடுப்பான்" என்று. எனக்கு அதெல்லாம் வராது சார். வாயில் வருவதற்குள் கோபம் முந்திக்கொள்கிறது. இல்லாவிட்டால் வந்தது பாதியில் நின்றுவிடுகிறது.

இன்று காலை சுமை ஏற்றுவதற்கு முன்னால் அவன் வாழையிலையில் சுற்றி எட்டு புரோட்டா கொண்டுவந்தான். மலை ஏறுகிற வழியில் ஆளுக்கு நாலு என்று கணக்கு. என் நாலைத் தின்றேன். அவன் வண்டிக்குக் கயிறு வாங்கப் போயிருந்தபோது அவன் நாலில் இரண்டையும் தின்றுவிட்டேன். அவன் வந்து இலையைப் பிரித்துப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே மிச்சம் இரண்டைத் தின்றான். இதைப் போய் எப்படிச் சொல்வது?

உங்களிடம் சொல்லிவிட்டேன். அது வேறு. நீங்கள் யாரோ.

முந்தல் வந்துவிட்டது. எழுந்திருங்கள்.

தேனிதான், தெரியும். தேனி எங்கேயும் போகாது. அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. உங்கள் பையை நான் எடுத்துக்கொண்டேன், நீங்கள் படியைப் பார்த்து இறங்குங்கள். கண்டக்டர், ரெண்டு பேரு இறங்குறோம்!

முழுக்கதையும் தெரிந்த ஆள் நீங்கள் ஒருத்தர்தான் சார். நான் சொன்னால் பாதியில் சண்டை வந்துவிடும். நீங்கள் நிதானமானவர், போடிமெட்டிலிருந்து பார்க்கிறேன், நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நீலக் கதவு. வாசலில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள், நம்மைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். அவன்தான்.

புரோட்டா ஆறு தின்றதைச் சொல்லுங்கள். முதலில் அதைச் சொல்லுங்கள். கல் பொறுக்கிப் போட்டானே, அதையும் சொல்லுங்கள், அவன் போடாவிட்டால் ஜீப் பின்னால் உருண்டிருக்கும் என்று. அப்புறம் தப்பு யார் மேல் என்று கேட்பான். கட்டாயம் கேட்பான்.

என் மேல் என்று சொல்லுங்கள்.

நான் பக்கத்திலேயே நிற்கிறேன். நீங்கள் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டுகிறேன்.